சுழலுக்கு வெளியே

நிரலின் தலைப்பில் ஓர் எண்ணை ஊன்ற வேண்டும்.
எதுவானாலும் சரி,
வண்டி எண், கதவிலக்கம், கட்டாத மின்கட்டணம்.
கணினிக்குப் பகடை உருட்டத் தெரியாது.
கொடுத்ததைப் பெருக்கும், வகுக்கும், மீதியை எடுத்துத்
தற்செயலைப் போல நடிக்கும்.
மறுபடி அதே விதை கொடுத்தால்
மறுபடி அதே நடிப்பு,
ஓர் இமைப்பும் பிசகாமல்.

கொம்தாரில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால்
ஃபெர்ரி ஒரு தீப்பெட்டி.
நாங்கள் டிங்கிக் காய்ச்சலை ஓட்டிப் பார்க்கிறோம்.
ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
வீடு ஒரு கட்டம், ஆள் ஒரு புள்ளி,
கொசு ஒரு நிகழ்தகவு.
வியாழனன்று வந்த புகைவண்டி
திங்களே வந்திருந்தால்?
அதற்குத்தான் சம்பளம்.

ஆயிரம் முறை ஓட்டு என்றேன் ஹக்கிமியிடம்.
மதியம் காகிதத்தோடு வந்தான்.
ஆயிரம் முறையும் முப்பத்தொரு பேருக்குக் காய்ச்சல்.
ஆயிரம் முறையும் ஒரே சாவு.
ஆயிரம் முறையும் அதே வரிசை எண் 1184:
ஆண், 47, பதினோராம் மாடி,
இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்.
"சிதறலே இல்லை" என்றான்,
பரீட்சையில் முதலாவதாக வந்தவன்போல.

பெயர்களை அழித்து எண்களாக்கியது நான்தான்.
1184 சவரிநாதன்.
மின்தூக்கி பழுது பார்ப்பவர்.
கணக்கெடுக்கப் போன அன்று
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நான் தொங்கியபோது
கதவை இரண்டு விரலளவு நெம்பி
அதன் வழியே ஒரு ஹேக்ஸ் மிட்டாயை நீட்டி
"பத்து நிமிஷம்மா" என்றவர்.
நாற்பது ஆனது.
நிஜத்திலும் அவர்தான் போனார்.
ஆனால் அது ஒரு வெள்ளிக்கிழமை.

பிழை சின்னது.
விதையைச் சுழலுக்குள்ளே வைத்துவிட்டான் ஹக்கிமி.
ஒவ்வொரு சுற்றும் புதிது என்று எண்ணி
அதே காலையில் விழித்தது.
அதே பூந்தொட்டி, அதே தேங்கல்,
அதே கொசு, அதே முழங்கை.
உணவு வேளை முடிவதற்குள்
ஒரு மனிதருக்கு ஆயிரம் செவ்வாய்.

அந்த வரியை இரண்டு வரி மேலே தூக்கி வைத்தேன்.
திருத்தம் அவ்வளவே.

சவரிநாதன் இப்போது பதினேழு முறை இறந்தார்.
நூற்றைம்பது சுற்றில் படுத்து எழுந்தார்.
மற்றவற்றில் கொசு அவரைப் பார்க்கவே இல்லை,
கருவிப் பெட்டியோடு
பழுதான மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தார்.
சில சுற்றுகளில் அவருக்குப் பதில் வேறு வரிசை.
அந்தப் பெயர்களும் எனக்குத் தெரியும்.

நடந்தது என்னவோ ஒரு சுற்றுதான்.
அதன் விதையை
யாரும் குறித்து வைக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு
விதைகளை மாற்றி மாற்றிப் போட்டேன்.
கண்ணாடியில் மழை, கீழே பேருந்துகளின் சிவப்பு.
6203இல் யாரும் சாகவில்லை.
பதினோராம் மாடியில் ஓர் இருமல்கூட இல்லை.
அறிக்கையில் அதைப் போட முடியாது.
பிடித்த முடிவு வரும்வரை விதை தேடுகிறவர்களுக்கு
எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு,
வீட்டில் சொல்லக்கூடிய பெயரல்ல.
முன்பே ஒப்புக்கொண்ட விதையைப் போட்டேன்,
பக்கத்தில் தேதி, என் கையெழுத்து.
ஆயிரத்துக்குப் பதினேழு.

6203 ஒரு துண்டுச் சீட்டில் பைக்குள் கிடந்தது.

கீழே காப்பிக் கடை மெய் ஃபோங்
கார் மோதிய இடமெல்லாம் போய்
எண்பலகையைப் பார்த்து நாலு நம்பர் எடுப்பவள்.
"நீ நம்பர் ஆபீஸ்தானே, ஒன்று கொடேன்" என்பாள் தினமும்.
அன்று கொடுத்தேன்.

ஞாயிறு 6204 விழுந்ததாம்.
"ஒன்றுதான் தள்ளி, ரொம்பக் கிட்ட" என்று
என்னைத் தேற்றினாள்,
காப்பிக்குக் காசு வாங்கவில்லை.
விதைகளில் கிட்ட என்று ஒன்று கிடையாது.
அடுத்தடுத்த இரண்டு எண்கள்
ஒன்றை ஒன்று கேள்விப்பட்டதே இல்லை.
அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

திங்கள் காலை
யாரும் வருமுன் 6204ஐ ஓட்டிப் பார்த்தேன்.
அதில் யார் என்று
கேட்காதீர்கள்.